அன்னையின் மடியில் விழுந்த நிழல்

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ராயகிரி. மேற்கே நோக்கினால் மலை. கிழக்கே நோக்கினால் வயல். அவ்வூரில் என் பெரியம்மா வாழ்ந்த ஓட்டு வீட்டின் நடுச்சுவரில் சகாய மாதாவின் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சிவகாசியில் அச்சான நாள்காட்டி ஒன்றிலிருந்து படத்தை மட்டும் கத்தரித்து, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்தார்கள். கீழே ஒரு சிறு பலகை; அதன்மேல் ஒரு அகல்விளக்கு. மாலை ஜெபமாலைக்கு வீட்டார் அனைவரும் அந்தப் படத்தின் முன்தான் முழங்காலிடுவர்.

என் சிறுவயதில், ஓர் ஐப்பசி அடைமழையின்போது, பெரியம்மாவின் கடைசி மகன் காய்ச்சல் கண்டு இறந்தான். அவனுக்கு அப்போது வயது ஐந்து. சில மாதங்கள் சென்றபின், வீடு சந்திக்க வந்த உபதேசியார் ஒருவர், ஆறுதல் கூறும் எண்ணத்தோடு அந்தப் படத்தைக் காட்டி விளக்கினார். மாதாவின் இரு புறமும் இரு வானதூதர்கள் நிற்கிறார்கள். ஒருவர் கையில் ஈட்டியும் கடற்பஞ்சும். மற்றவர் கையில் சிலுவையும் ஆணிகளும். பிற்காலத்தில் தனக்கு நேரவிருக்கும் பாடுகளைக் கண்டு அஞ்சிய பாலன் தாயிடம் ஓடிவந்து ஒட்டிக்கொள்கிறான். ஓடிவந்த விரைவில் அவன் காற்செருப்பு ஒன்று வாரறுந்து தொங்குகிறது. மகன் இறப்பான் என்பது மாதாவுக்குத் தொடக்கத்திலேயே தெரியும். தெரிந்தும் அவர் தாங்கிக்கொண்டார் என்று உபதேசியார் முடித்தார்.

பெரியம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின் மெல்லச் சொன்னார்: "அவளுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒருத்தரும் சொல்லலியே!"

உபதேசியார் மறுமொழி கூறாமல் விடைபெற்றார். அன்று சிறுவனாயிருந்த என் காதில் விழுந்த அந்தச் சொற்கள் பல ஆண்டுகள் என்னைத் தொடர்ந்து வந்தன. அவற்றினுள் இரு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. வரவிருக்கும் இழப்பை முன்னரே அறிவது அன்புக்குத் துணையா, சுமையா? அறிந்த ஒரு தாய் தன் பிள்ளையை நோக்கிப் புன்னகைப்பாளாயின், அந்தப் புன்னகை மெய்யானதா? இக்கேள்விகளைச் சொற்களால் எழுப்பியவர் பலர். வண்ணங்களால் எழுப்பியவர்கள் இத்தாலிய நாட்டு மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள். ஆகவே அவர்களிடம் சற்றுச் செவிசாய்ப்போம்.

பொற்பின்னணியிலிருந்து புல்வெளிக்கு

கி.பி. 431இல் எபேசு நகரில் கூடிய பொதுச்சங்கம் மரியாவை இறைவனின் தாய் என அறிக்கையிட்டது. அதன்பின் நெடுங்காலம் கீழைத் திருச்சபையின் திருவோவியங்களே அன்னையும் பாலனும் எப்படித் தோன்றவேண்டும் என்பதற்கு இலக்கணம் வகுத்தன. பின்புலம் முழுவதும் பொன். பொன்னுக்குக் காலமும் இல்லை, இடமும் இல்லை; அது விண்ணகத்தின் நிறம். அன்னை அரியணையில் வீற்றிருக்கும் அரசி. மடியிலுள்ள பாலனோ குழந்தையின் உருவில் இருக்கும் ஆசான். கையுயர்த்தி ஆசி வழங்குவான். அழமாட்டான், விளையாடமாட்டான்.

1223ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடினார். கடவுள் மெய்யாகவே ஓர் ஏழைத் தாயின் பிள்ளையானார் என்பதைக் கண்ணால் காண மக்கள் விரும்பிய காலம் அது. அந்த ஏக்கம் மெல்ல ஓவியர்களின் தூரிகைக்குள்ளும் புகுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிமாபுவே வரைந்த அரியணை அன்னையையும், ஏறத்தாழ 1310இல் ஜோத்தோ வரைந்த அரியணை அன்னையையும் இன்று பிளாரன்ஸ் நகரின் உஃபிசி கலைக்கூடத்தில் காணலாம். இரண்டிலும் பொன் உண்டு, அரியணை உண்டு. ஆனால் ஜோத்தோவின் அன்னைக்கு உடலுக்குரிய கனம் இருக்கிறது. அவள் உண்மையாகவே அமர்ந்திருக்கிறாள். துணியின் உள்ளே முழங்கால்கள் இருப்பது தெரிகிறது.

1426இல் பீசா நகர்ப் பீடத்திற்காக மசாச்சோ வரைந்த அன்னையின் மடியில் இருக்கும் குழந்தை ஆசி வழங்கவில்லை. திராட்சைப் பழத்தைத் தின்றுகொண்டு விரலைச் சப்புகிறது. நம் வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் நாம் காணும் குழந்தை அது. எனினும் திராட்சை வெறும் பழமன்று. திராட்சை இரசமாகிப் பின் நற்கருணையில் திருஇரத்தமாவது. குழந்தையின் பசியையும் உலகத்தின் பசியையும் ஒரே கொத்தில் வைத்துவிட்டார் ஓவியர்.

இவ்வாறு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் பொற்பின்னணி விலகி, வயலும் மரமும் மலையும் வானமும் அதன் இடத்தைப் பிடித்தன. அரசி வீட்டுப் பெண்ணானாள்; ஆசான் மழலையானான். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். விண்ணகத்தின் அடையாளமாகிய பொன் போனபின், புனிதத்தைக் காட்ட ஓவியனுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. ஆகவே அவன் அதனை எளிய பொருள்களுக்குள் மறைத்து வைத்தான். அன்னையின் மேலாடைக்குரிய நீலத்தைத் தொலைதூர ஆப்கானிய மலைகளில் வெட்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துப் பெற்றான். கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்ற பொருளில் அதற்குப் பெயரும் இட்டனர். எஞ்சிய அனைத்தையும் பழத்திலும் பறவையிலும் பூவிலும் ஒளித்தான்.

பழமும் பறவையும் பவளமும்

ஏறத்தாழ 1505-06இல் ரபேல் வரைந்த ஓவியம் ஒன்று. அன்னை ஒரு பாறைமேல் அமர்ந்திருக்கிறாள். அவள் முழங்கால்களுக்கிடையே இயேசு பாலன் நிற்கிறான். சிறுவனான திருமுழுக்கு யோவான் ஒரு சிறு குருவியைக் கையில் கொண்டுவந்து நீட்ட, இயேசு அதன் தலையைத் தடவிக் கொடுக்கிறான். இரு பிள்ளைகள் பறவையோடு விளையாடுவதைத் தாய் பார்த்திருக்கும் இனிய காட்சி. ஆனால் அது முகத்தில் செந்நிறம் கொண்ட குருவி. கிறிஸ்துவின் தலையிலிருந்து முள்ளைப் பிடுங்க முயன்றபோது ஒரு துளி இரத்தம் அதன்மேல் தெறித்தது என்பது அக்கால மக்களின் கதை. விளையாட்டுப் பொருளாக வந்தது பாடுகளின் தூது.

இவ்வோவியத்திற்கு நேர்ந்ததும் நினைக்கத்தக்கது. ஒரு திருமணத்தையொட்டி வரையப்பட்ட இது, 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மண்சரிவால் வீடு இடிந்து விழுந்தபோது பல துண்டுகளாக உடைந்தது. அவற்றைத் திரட்டி ஒட்டினார்கள். நம் காலத்தில் ஏறத்தாழ பத்தாண்டுகள் அரும்பாடுபட்டுச் சீரமைத்து, 2008இல் மீண்டும் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். இழப்பைப் பற்றிப் பேசும் ஓவியம் தானே இழப்பின் ஊடாக வந்திருக்கிறது.

போத்திச்செல்லி ஏறத்தாழ 1487இல் வட்டப் பலகையில் வரைந்த அன்னையின் கையில் பிளந்த மாதுளை. சிவந்த முத்துகள் இரத்தத் துளிகளை நினைவூட்டுகின்றன. ஒரே தோலுக்குள் பல வித்துகள் இருப்பதால் திருச்சபையின் ஒற்றுமையையும் குறிக்கின்றன. சுற்றி நிற்கும் வானதூதர் நடுவே அன்னையின் கண்கள் எங்கோ தொலைவில் நிற்கின்றன. பியேரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த செனிகாலியா அன்னையின் கையிலுள்ள பாலன் கழுத்தில் பவளம். பிணியும் கண்ணேறும் அணுகாதபடி குழந்தைகளுக்குப் பவளம் அணிவிப்பது இத்தாலியத் தாய்மாரின் வழக்கம். அதே பவளத்தின் செம்மை இரத்தத்தையும் குறித்தது. காப்பாக அணிவித்ததே இழப்பின் அடையாளமும் ஆயிற்று!

லியொனார்தோ தா வின்சி தம் இளமையில், ஏறத்தாழ 1478-80இல், வரைந்த சிறு ஓவியம் ஒன்று ருசியாவின் எர்மித்தாஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மிக இளைய தாய். சிறுமி என்றே சொல்லலாம். அவள் வாய்திறந்து சிரித்தபடி குழந்தைக்கு ஒரு பூவைக் காட்டுகிறாள். குழந்தையோ சிரிக்காமல், கருத்தூன்றி அந்தப் பூவைப் பற்ற முயல்கிறது. பூவின் நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமைந்துள்ளன. தாய் கொடுக்கும் முதல் விளையாட்டுப் பொருளே சிலுவை. அவளுக்கு அது தெரியுமா? லியொனார்தோ கூறவில்லை. இந்தக் கூறாமையே ஓவியத்தின் உயிர் எனத் தோன்றுகிறது.

இழுக்கும் கையும் விடும் கையும்

1501ஆம் ஆண்டு ஏப்ரலில், மாந்துவா நாட்டு அரசி இசபெல்லா தெஸ்தேவுக்கு, பியேத்ரோ என்னும் கார்மேல் சபைத் துறவி பிளாரன்சிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். லியொனார்தோ அப்போது தீட்டிக்கொண்டிருந்த ஒரு மாதிரி வரைபடத்தைப் பற்றி அதில் விவரிக்கிறார். குழந்தை இயேசு தாயின் கையிலிருந்து நழுவி ஓர் ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடிக்கிறான். ஆட்டுக்குட்டி பலிப்பொருள். தாய், தன் அன்னையாகிய அன்னம்மாளின் மடியிலிருந்து பாதி எழுந்து, குழந்தையை ஆட்டுக்குட்டியிடமிருந்து பிரித்தெடுக்க முயல்கிறாள். அன்னம்மாளோ மகளைத் தடுப்பவள்போல் இருக்கிறாள். பாடுகள் நிறைவேறுவதைத் தடுக்க விரும்பாத திருச்சபையை அன்னம்மாள் குறிக்கக்கூடும் என்பது அத்துறவியின் கருத்து. இக்கருவை லியொனார்தோ பின்னர் வண்ணத்தில் தீட்டிய ஓவியம் பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இவ்விவரத்தை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஒருவகை ஆறுதல் உண்டாயிற்று. ஏனெனில் இங்கே மரியா தடுக்க முயல்கிறாள்! பிள்ளையைப் பின்னுக்கு இழுக்கும் அந்தக் கையைப் பாவம் என்று எவரும் சொல்லவில்லை. அது தாயின் கை. இழுக்கும் கையும் விடும் கையும் ஒரே அன்பின் இரு அசைவுகள். இழுக்கவே அறியாத கை விடும்போது, அதில் கொடை ஏது?

பெல்லினி ஏறத்தாழ 1500க்குப் பின் வரைந்த புல்வெளி அன்னை இலண்டன் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. வயல்வெளியில், வெறுந்தரையில் அமர்ந்து கைகூப்பியிருக்கிறாள் அன்னை. மடியின் குறுக்கே குழந்தை உறங்குகிறது. ஒரு கை தளர்ந்து கிடக்கிறது. பின்னால் இலையுதிர்ந்த மரத்தில் ஒரு கரிய பறவை. மாடு மேய்ப்பவர்களும் வயலும் அங்கே இருக்க, உழைப்பு வழக்கம்போல் நடக்கிறது. உறங்கும் குழந்தையை நோக்கும்போதே, சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட மகனை மடியில் கிடத்தியிருக்கும் வியாகுல அன்னையின் உருவம் நம் கண்முன் எழுகிறது. உறக்கம் சாவின் சாயல் அன்றோ! உறங்கும் குழந்தையின் மூச்சை விரல்வைத்துப் பார்க்காத தாய் எவளும் இல்லை.

அந்த மடியை மைக்கேல் ஆஞ்செலோ 1499இல் பளிங்கில் நிறைவு செய்தார். உரோமைப் புனித பேதுரு பேராலயத்திலுள்ள அச்சிலையில் மகனைவிட இளையவளாய்த் தோன்றுகிறாள் தாய். இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது இதுவே: மகனின் உடலைச் சுமக்கும் அந்நேரத்தில் அவள் மீண்டும் பெத்லகேமில் இருக்கிறாள். அவன் எத்தனை வயதில் இறந்தாலும் தாய்க்கு இறப்பது அவள் பெற்ற குழந்தைதான்.

இன்னும் ஓர் ஓவியம். பியாச்சென்சா நகரின் புனித சிக்ஸ்துஸ் ஆலயத்திற்கென 1512-13இல் ரபேல் வரைந்தது. இன்று ஜெர்மனியின் திரெஸ்டன் நகரில் உள்ளது. திரை விலகுகிறது, அன்னை மேகத்தின்மேல் வெறுங்காலுடன் நம்மை நோக்கி நடந்து வருகிறாள், மகனை ஏந்திவருகிறாள். இருவர் கண்களிலும் அச்சம் கலந்த உறுதி. ஆலயத்தில் எதிரே இருந்த சிலுவையைத்தான் அவர்கள் நோக்குகின்றனர் எனக் கருதும் ஆய்வாளரும் உளர். 1955இல் இவ்வோவியம் மாஸ்கோவில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது அதனைக் காண வாசிலி குரோஸ்மன் என்னும் யூத எழுத்தாளர் சென்றார். 1941இல் தம் தாயை நாத்சிகளின் படுகொலையில் இழந்தவர் அவர். திரெப்ளிங்கா கொலைமுகாமைப் பற்றி எழுதியவர். ஓவியத்தின் முன் நின்றபோது, பிள்ளைகளை ஏந்தி அம்முகாமின் நச்சுவாயு அறைகளை நோக்கி நடந்த தாய்மாரையே அவர் கண்டார். அவர் கிறிஸ்தவர் அல்லர். எனினும் ஓவியம் அவரிடம் பேசியது. மெய்யான கலை, சமயத்தின் வாசலில் நின்று அடையாளச் சீட்டுக் கேட்பதில்லை.

கடல் கடந்து வந்த அன்னை

இவையெல்லாம் இத்தாலியர் கதை. நமக்கென்ன என்று வாசகர் எண்ணக்கூடும். ஆனால் அந்த அன்னை நம் நாட்டிற்கு வந்து நெடுங்காலம் ஆகிறது. உரோமை மரியன்னைப் பெருங்கோவிலில் பழமைவாய்ந்த அன்னை ஓவியம் ஒன்று உண்டு. 2025இல் திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டது இக்கோவிலில்தான். கோடையில் பனி பெய்து இடம் காட்டியது என்ற மரபு இக்கோவிலுக்கு உரியது. ஆகஸ்டு 5ஆம் நாள் தூத்துக்குடியில் நாம் கொண்டாடும் பனிமய மாதா விழாவின் வேரும் அங்கேயே இருக்கிறது. அந்த உரோமை ஓவியத்தின் படி ஒன்றை, 1580இல் அக்பரின் அவைக்குச் சென்ற இயேசு சபைக் குருக்கள் ருடோல்ப் அக்வாவிவாவும் அவர் தோழர்களும் கொண்டுசென்றனர். பேரரசர் அதனைப் பணிவோடு ஏற்றார். கேசுதாஸ், மனோகர் போன்ற முகலாய அவை ஓவியர்கள் தம் மெல்லிய தூரிகையால் ஐரோப்பிய மாதிரிகளைப் பின்பற்றிக் கிறிஸ்தவப் படங்கள் தீட்டலாயினர்.

நம் தமிழ் மண்ணில் இவ்வரலாறு இன்னும் நெருக்கமானது. லியொனார்தோவின் வரைபடத்தைப் பற்றிய கடிதம் சென்று சேர்ந்த அதே மாந்துவா நாட்டுப் பகுதியில், கஸ்திலியோனே என்னும் ஊரில் 1680இல் பிறந்தவர்தாம் நம் வீரமாமுனிவர். 1460 முதல் 1506இல் இறக்கும்வரை மாந்துவா அரசவையில் ஓவியராய் இருந்தவர் மாந்தேஞா. துணியில் சுற்றிய உறங்கும் குழந்தையின் முகத்தோடு தன் முகத்தை ஒட்டிக்கொண்டிருக்கும் அன்னையை அவர் தீட்டியிருக்கிறார். அதனினும் கனிவான தாயுருவம் அரிது. அத்தகைய மரபில் பிறந்த முனிவர் தமிழகம் வந்தபின் என்ன செய்தார்? ஐரோப்பிய அன்னையை அப்படியே இறக்கி வைக்கவில்லை. கோணாங்குப்பத்தில் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் சேலையுடுத்தி, கையில் பாலனோடு பெரியநாயகியாக எழுந்தருளச் செய்தார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா. 1726இல் தேம்பாவணி. ஜோத்தோ பொன்னைக் குறைத்து உடலைத் தந்ததும், முனிவர் சேலையைத் தந்ததும் ஒரே நோக்கினால்தான்: இவள் நம் வீட்டுப் பெண்.

அவ்வாறு வந்த அன்னைக்குத் தமிழில் இடம் தயாராகவே இருந்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளுள் கண்ணனுக்குப் பாலூட்டும் யசோதையின் உருவம் உண்டு. சோமாஸ்கந்தர் வடிவில் தாய்க்கும் தந்தைக்கும் இடையே குழந்தை அமர்ந்திருக்கிறது. இறைவனைக் குழந்தையாக்கிக் கொஞ்சும் பிள்ளைத்தமிழ் நம் மொழிக்கே உரிய செல்வம். அதன் பத்துப் பருவங்களுள் முதலாவது எது? காப்புப் பருவம். பிள்ளையைக் கொஞ்சுவதற்கு முன்பே, பிள்ளையைக் காக்குமாறு தெய்வங்களை வேண்டுகிறான் தமிழ்ப் புலவன். பாட்டுடைத் தலைவன் தெய்வமே ஆனாலும் முதலில் காப்பு! குழந்தை என்றால் அச்சம் உடன்வரும் என்பதை நம் மரபு அறிந்திருந்தது.

படத்தைத் தவறாகப் படித்தல்

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது. உபதேசியார் நல்லவர், ஆனால் அவருடைய ஆறுதலில் ஒரு பிழை இருந்தது. மாதா தாங்கினார், நீயும் தாங்கிக்கொள் என்பது, துயருற்றவரின் வாயை அடைக்கும் சொல்லாக மாறிவிடக்கூடும். இயேசு தம் உயிரைத் தாமே மனமுவந்து கொடுத்தார் என்பது நம் விசுவாசம். என் பெரியம்மாவின் மகன் எதையும் கொடுக்கவில்லை, அவனிடமிருந்து பறிக்கப்பட்டது. மழையில் பாதை துண்டிக்கப்பட்டு, மருத்துவரிடம் காலத்தில் சேர்க்க இயலாமல் இறந்த குழந்தையின் சாவைக் கல்வாரியின் சட்டத்துக்குள் மாட்டிவைத்து, இறைவனின் திருவுளம் என்று கூறிவிட்டு நாம் வீடு திரும்பலாகாது. சிலுவையை வணங்குவது வேறு; சிலுவைகள் செய்துகொண்டே இருப்பது வேறு.

மறுமலர்ச்சிக் காலப் பிளாரன்ஸ் இதனை ஓரளவு உணர்ந்திருந்தது எனலாம். சுவர்தோறும் அன்னையும் பாலனும் விளங்கிய அந்நகரில்தான், வறுமையாலும் மானத்துக்கு அஞ்சியும் தாய்மார் பச்சிளங்குழந்தைகளைக் கைவிட்டனர். அக்குழந்தைகளுக்கென மாசில்லாக் குழந்தைகள் இல்லம் ஒன்றை 1419இல் புருனெல்லெஸ்கி கட்டத் தொடங்கினார். 1445இல் அது குழந்தைகளை ஏற்கலாயிற்று. அதன் முகப்பில் துணியில் சுற்றிய குழந்தைகளின் உருவங்களை நீலப் பின்னணியில் அந்திரேயா தெல்லா ரோபியா பின்னர் பதித்தார். அவற்றுக்கு ஒளிவட்டம் இல்லை. ஏந்துவதற்குத் தாயும் இல்லை. பெற்றவளின் மடி இல்லாதபோது ஊரே மடியாகவேண்டும் என்று அக்கட்டடம் கூறுகிறது.

நமக்கும் இது தொலைவான செய்தியன்று. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க நேர்ந்தது. அன்னையின் மடியிலுள்ள ஆண் குழந்தையை மாலையில் வணங்கிவிட்டு, பிறந்தது பெண் என்றதும் முகம் சுளிப்பவர் நம்மிலும் இலர் என்று சொல்ல இயலுமா? அந்தப் படத்தை உண்மையாகப் பார்ப்பவர், படத்திற்கு வெளியே இருக்கும் குழந்தையைப் பார்க்காமல் இருக்கமுடியாது. விளக்கேற்றுவது எளிது. விளக்கொளியில் எந்தக் குழந்தை தெரிகிறது என்பதே கேள்வி.

கன்னத்தில் ஒரு கரும்பொட்டு

இனிப் பெரியம்மாவின் சொற்களுக்குத் திரும்புவோம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்றார் அவர். உண்மையில் மரியாவுக்குத்தான் எவ்வளவு சொல்லப்பட்டது? எருசலேம் ஆலயத்தில் முதியவர் சிமியோன், அவருடைய உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்றார். எப்போது, எங்கே, எவ்வாறு என்று சொல்லவில்லை. பன்னிரண்டு வயதில் மகன் காணாமற்போய்க் கிடைத்தபோது, அவன் கூறிய மறுமொழி பெற்றோருக்குப் புரியவில்லை என்று லூக்கா ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். மரியா அனைத்தையும் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தார். முழுவதும் புரிந்தவர்க்குச் சிந்திக்க என்ன இருக்கிறது? ஆகவே ஓவியங்களிலுள்ள குருவியும் மாதுளையும் பவளமும், பார்க்கும் நமக்கு இருக்கும் அறிவைக் காட்டுகின்றன. அன்னைக்கு இருந்தது அதனினும் மங்கலான அறிவு. வாள் உண்டு என்று தெரியும். நாள் தெரியாது.

அப்படியானால், எந்தத் தாய்க்குத்தான் அது தெரியாது? இறந்த என் தம்பிக்குப் பெரியம்மா நாள்தோறும் குளிப்பாட்டிவிட்டு, கண்மையால் கன்னத்தில் ஒரு கரும்பொட்டு இடுவார். கையில் வசம்பு வளையல் கட்டியிருந்த நாளும் உண்டு. அந்தப் பொட்டு என்ன சொல்கிறது? இந்தப் பிள்ளையை இழக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும் என்று சொல்கிறது. பியேரோவின் பவளமும் ராயகிரியின் கரும்பொட்டும் ஒரே வாக்குமூலம். அறியாமையினால் எந்தத் தாயும் புன்னகைப்பதில்லை. அறிந்தும் அந்த அறிவைக் கன்னத்தில் ஒரு புள்ளியளவு சுருக்கி வைத்துவிட்டு, எஞ்சிய முகத்தை முத்தமிடுகிறாள்.

ஆதலின் முன்னறிவு அன்புக்குத் துணையா, சுமையா என்ற கேள்விக்கு இவ்வாறு விடை கூறத் துணிகிறேன். இழப்பின் நாளையும் நேரத்தையும் அறிவது சுமை. அதனைத் தாங்கும் தோள் மனிதருக்கு இல்லை. இறைவன் அதனை மறைத்தது இரக்கமே. ஆனால் இழக்கக்கூடியதைத்தான் நேசிக்கிறோம் என்ற அறிவு அன்பின் பகுதி. அது இல்லாத அன்பு வெறும் உரிமை கொண்டாட்டம். பிள்ளை தன்னுடையது என்றும், என்றும் தன்னுடையதாகவே இருக்கும் என்றும் எண்ணும் தாய் அவனை இறுக்கிப் பிடிப்பாள். கொடுக்கப்பட்டவன் என்று அறிந்தவள் அணைத்துக்கொள்வாள். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. மறுமலர்ச்சிக் கால அன்னையரின் கைகளைக் கூர்ந்து பாருங்கள்: அவை தாங்குகின்றன, இறுக்குவதில்லை. அந்தப் புன்னகையும் நடிப்பன்று. நாளைய இழப்பு இன்றைய மகிழ்ச்சியைப் பொய்யாக்கிவிடாது. குழந்தை இப்போது இங்கே இருக்கிறது. அது முழு உண்மை. நிழல் விழுவதற்கும் ஒளி வேண்டும் அன்றோ!

பல ஆண்டுகள் கழித்து, என் மகளைத் தூக்கிக்கொண்டு ராயகிரிக்குச் சென்றேன். பெரியம்மாவுக்கு வயது முதிர்ந்திருந்தது. படம் நிறம் மங்கி, அதே சுவரில் அதே இடத்தில் இருந்தது. மகன் இறந்த பின்னும் அவர் அதை ஒருநாளும் கழற்றவில்லை. குழந்தையை வாங்கி மடியில் கிடத்தி, கண்மைச் சிமிழை எடுத்து, கன்னத்தில் பொட்டு வைத்தார். நான் துணிவு கொண்டு பழைய நாளை நினைவூட்டி, உபதேசியாரிடம் அன்று அவர் சொன்னதைச் சொன்னேன்.

சற்று நேரம் படத்தைப் பார்த்தார். "அதெல்லாம் அப்பம் சொன்னது" என்றார். பிறகு, வாரறுந்து தொங்கும் அந்தச் சிறு செருப்பையும், தாயின் உள்ளங்கைக்குள் இருந்த பிள்ளையின் இரு கைகளையும் விரலால் சுட்டி, "செருப்பு விழுந்தாலும் கைய விடலியே, பாரு" என்றார்.

என் மகள் அவர் மடியில் உறங்கிப்போயிருந்தாள். பெரியம்மா விரலை அவள் மூக்கினருகே வைத்து மூச்சைப் பார்த்தார். பின் சேலைத் தலைப்பால் மூடினார்.